அங்கே நடந்த குற்றம், இங்கே விசாரணை: ஒரு நாட்டு நீதிமன்றம் வெளிநாட்டுக் குற்றத்தை எப்போது கையில் எடுக்கலாம்?

"வெளிநாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல்" என்ற தலைப்பு யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. அதை வாசித்ததும் ஆளை நாளைக்கே பிடித்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்களும் உண்டு. இதெல்லாம் வெறும் பேச்சு என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்களும் உண்டு. செய்தியைக் கீழ்வரைக்கும் வாசித்தால் பெரும்பாலும் அங்கே வழக்கே இராது. ஒரு நாட்டின் பொலிஸாரிடமோ சட்டமா அதிபரிடமோ முறைப்பாட்டுக் கோவை ஒன்று கையளிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அந்தக் கோவை விசாரணையாகி, பிறகு குற்றப்பத்திரமாகி, கடைசியில் தீர்ப்பாக வேண்டுமென்றால் சில கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். எந்தச் சட்டம்? அந்த நாட்டுக்கும் குற்றத்துக்கும் என்ன தொடர்பு? எந்தத் திகதியில் நடந்தது? ஆள் இப்போது எங்கே? அவருக்கு என்ன பதவி? கையில் என்ன சான்று? இதில் ஒன்று பிசகினாலும் கோவை அலுமாரிக்குள் போய்விடும்.

மண்ணும் கடலும்

ஒரு விடயத்தை விசாரித்துத் தீர்ப்பதற்கு நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரமே நியாயாதிக்கம். அதில் முதல் விதி எளிது: எந்த மண்ணில் குற்றம் நடந்ததோ, அந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம். செய்தவர் எந்த நாட்டவர் என்பது பொருட்டல்ல. நெடுந்தீவுக் கடலில் பிடிபடும் தமிழ்நாட்டு மீனவர்கள் ஊர்காவற்றுறை நீதவான் முன் நிறுத்தப்படுவது இதனால்தான். ஆட்களும் படகும் வெளிநாடு; ஆனால் 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை பாக்கு நீரிணையில் வரைந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நடந்ததால், இலங்கைச் சட்டத்தின் கண்ணில் அது உள்நாட்டு விடயம். 1979 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டம் அதற்கென்றே வந்தது.

குற்றம் முழுவதும் இங்கே நடந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 9 ஆவது பிரிவு, முழுவதுமோ ஒரு பகுதியோ இலங்கையில் நடந்த குற்றத்தை மேல் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது. ரொறன்ரோவில் இருப்பவரின் கொக்குவில் காணியைக் கள்ள அற்றோணித் தத்துவம் ஒன்றை வைத்து விற்றுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கள்ளக் கையெழுத்து அங்கே போடப்பட்டது. உறுதி இங்கே நொத்தாரிசு முன் முடிந்து காணிப் பதிவகத்தில் ஏறியது. காசு மூன்றாவது நாட்டு வங்கி ஒன்றுக்குப் போனது. "அங்கே போய்ச் சொல்லுங்கள்" என்று உங்களைத் திருப்பி அனுப்ப இங்கே எவருக்கும் சட்டத்தில் இடமில்லை. உறுதி முடிந்த பகுதி இங்கே நடந்திருக்கிறது, அது போதும். வெளிநாட்டு வங்கிப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவதற்கு 2002 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டமும், ஆளைக் கேட்டுப் பெறுவதற்கு 1977 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. இரண்டும் அரசுக்கும் அரசுக்கும் இடையில் ஓடும் கடிதப் போக்குவரத்து. அதன் வேகத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த நாட்டு மண்ணும் இல்லாத நடுக்கடலில் நடந்தால்? 1926 இல் லோட்டஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் துருக்கிக் கப்பல் ஒன்றில் மோதி எட்டுத் துருக்கியர் இறந்தார்கள். துருக்கி, பிரெஞ்சு அதிகாரியைப் பிடித்து வழக்குப் போட்டது. பிரான்ஸ் ஆட்சேபித்தது. 1927 இல் அன்றைய அனைத்துலக நீதிமன்றில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிய, தலைவரின் வாக்கால் துருக்கி வென்றது: தடுக்கும் விதி ஒன்று இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஒரு நாடு விசாரிக்கலாம் என்பதே அதன் சாரம். கப்பல் மோதல்களுக்கு அந்த விதி பின்னர் உடன்படிக்கைகளால் மாற்றப்பட்டது. ஆனால் "யார் தடுக்கிறார்கள்?" என்று கேட்கும் அந்த மனப்பாங்கு இந்தத் துறையில் இன்றைக்கும் இருக்கிறது.

ஆள் யாருடைய பிரசை?

இரண்டாவது தொடர்பு பிரசாவுரிமை. அதே 9 ஆவது பிரிவின்படி இலங்கைப் பிரசை ஒருவர் உலகத்தின் எந்த மூலையில் குற்றம் செய்தாலும் இங்குள்ள மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இதற்கு இலங்கையில் மறக்க முடியாத வழக்கு செபால ஏக்கநாயக்கவுடையது.

1982 ஜூன் 30 அன்று டில்லியிலிருந்து பாங்கொக் வழியாக ரோக்கியோ போகவிருந்த இத்தாலிய அலித்தாலியா நிறுவனத்தின் ஜம்போ விமானத்தை அவர் கடத்தினார். பாங்கொக்கில் விமானம் நின்றது. இத்தாலியில் இருந்த மனைவியையும் மகனையும் கொண்டுவர வேண்டும், மூன்று இலட்சம் டொலர் தர வேண்டும் என்றார். இரண்டும் கிடைத்தன. காசோடும் குடும்பத்தோடும் கொழும்பு வந்து இறங்கினார். இங்கேதான் சிக்கல்: விமானக் கடத்தலைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் அப்போது இல்லை. நியாயாதிக்கம் இருந்தும் விசாரிக்கக் குற்றம் இல்லை. நாடாளுமன்றம் அவசரமாக 1982 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, அதற்குப் பின்னோக்கிய வலுவும் கொடுத்தது.

செய்த பிறகு சட்டம் போட்டுத் தண்டிக்கலாமா? அரசியலமைப்பின் 13(6) ஆவது உறுப்புரை அதைத் தடுக்கிறது. ஆனால் அதே உறுப்புரை ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறது: செய்த நேரத்தில், நாடுகளின் சமுதாயம் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி அது குற்றமாக இருந்தால் தண்டிக்கலாம். ஏக்கநாயக்க அந்த வழியால்தான் தண்டிக்கப்பட்டார். போர்க்காலக் குற்றங்களுக்கு உள்நாட்டில் புதிய சட்டம் கொண்டுவந்தாலும் பழைய சம்பவங்களுக்குப் பயன்படாது என்று யாராவது ஒரேயடியாகச் சொன்னால், இந்த உறுப்புரையின் இரண்டாம் பந்தியைக் காட்டலாம்.

மூன்றாவது தொடர்பு, பாதிக்கப்பட்டவரின் பிரசாவுரிமை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்தது இலங்கையில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் இலங்கையர்கள். என்றாலும் இறந்தவர்களில் ஐந்து பேர் அமெரிக்கப் பிரசைகள். 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களம் மூன்று இலங்கையர்மீது லொஸ் ஏஞ்சலிஸில் குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. நாணயத்தைப் போலியாக அச்சிடுவது போன்று நாட்டின் அடிப்படையையே தாக்கும் செயல்களை எங்கே செய்தாலும் விசாரிக்கலாம் என்ற நான்காவது தொடர்பும் உண்டு. நமது பேச்சுக்கு அது அவ்வளவு தேவையில்லை.

ஒரு தொடர்பும் இல்லாதபோது

மண்ணும் இல்லை, செய்தவரும் தன் பிரசை இல்லை, பாதிக்கப்பட்டவரும் இல்லை. அப்படியும் விசாரிக்கலாம் என்பதே உலகளாவிய நியாயாதிக்கம். கடற்கொள்ளையில் தொடங்கியது, நமது நீதித்துறைச் சட்டத்திலும் கடற்கொள்ளைக்குத் தனி வரி இருக்கிறது. 1949 ஜெனீவாச் சமவாயங்கள் அவற்றின் பாரதூரமான மீறல்களைச் செய்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரிக்க வேண்டும், அல்லது விசாரிக்கும் இன்னொரு நாட்டிடம் கையளிக்க வேண்டும் என்றன. 1984 சித்திரவதைக்கு எதிரான சமவாயமும் அப்படியே: விசாரி, அல்லது ஒப்படை. ஆளை வைத்துக்கொண்டு இரண்டும் செய்யாமல் இருக்க முடியாது. சாட்டின் முன்னாள் ஜனாதிபதி ஹிசென் ஹாப்ரே செனகலில் வருடக்கணக்காக இருந்தார். 2012 இல் அனைத்துலக நீதிமன்றம் இந்தக் கடமையைச் சொல்லிச் செனகலைக் கட்டாயப்படுத்தியது. 2016 மே 30 அன்று டக்காரில் அவருக்கு ஆயுட்தண்டனை விதிக்கப்பட்டது.

இது மேற்கு நாடுகளிடம் மட்டும் உள்ள சட்டம் என்ற எண்ணம் பிழை. இலங்கையின் 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டம், வெளிநாட்டில் நடந்த சித்திரவதையையும் விசாரிக்க மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. செய்தவர் இலங்கையில் இருந்தால் போதும், பிரசையாக இருக்க வேண்டியதில்லை. தண்டனை ஏழு முதல் பத்து வருடச் சிறை. 2006 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க ஜெனீவாச் சமவாயங்கள் சட்டமும், வலிந்து காணாமல் ஆக்குதல் பற்றிய 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. வேறொரு நாட்டின் சித்திரவதையாளர் பலாலியில் வந்து இறங்கினால், எழுத்தில் உள்ள சட்டப்படி அவரை இங்கேயே விசாரிக்கலாம். எழுத்தில் உள்ளது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம்.

திகதி என்ற கண்ணி

முறைப்பாடு எழுதுகிறவர்கள் மிகக் குறைவாகப் பார்ப்பதும், வழக்கை முளையிலேயே கிள்ளிவிடுவதும் திகதிதான். ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒரு திகதிக்குப் பின் நடந்ததையே தொடும். யாழ்ப்பாணத்தில் நடந்த இரண்டு சம்பவங்களையும் 2009 ஐயும் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படையினர் நுழைந்து சுட்டதில் நோயாளர், வைத்தியர், தாதியர், ஊழியர் எனப் பலர் கொல்லப்பட்டார்கள். நடந்தது இலங்கை மண். ஆகவே இலங்கைக்கு அதிகாரம் உண்டு. படையினர் இந்தியப் பிரசைகள்; ஆகவே இந்தியாவுக்கும் உண்டு. இலங்கையில் கொலைக்குக் காலாவதி கிடையாது; 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456 ஆவது பிரிவு மற்றக் குற்றங்களுக்குத்தான் 20 வருட எல்லை வைக்கிறது. இந்த இரண்டு நாடுகளும் செய்யவில்லை. சரி, லண்டனில் போகலாமா? பிரித்தானியாவின் 2001 ஆம் ஆண்டு அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றச் சட்டம் 1991 ஜனவரி 1 வரைக்கும்தான் பின்னோக்கிப் போகும். அங்குள்ள சித்திரவதைச் சட்டம் 1988 செப்டெம்பர் 29 இல் நடைமுறைக்கு வந்தது. ஜெனீவாச் சமவாயங்களின் பாரதூரமான மீறல் என்று போகவேண்டுமானால் அது நாடுகளுக்கிடையிலான போராக இருந்திருக்க வேண்டும். கொழும்பின் சம்மதத்தோடு வந்த படைக்கும் ஒரு இயக்கத்துக்கும் இடையிலான சண்டையை அப்படி நிறுவுவது மிகக் கடினம். மூன்று வழியும் அடைபட்டுவிட்டன. ஜேர்மனியின் அனைத்துலகக் குற்றங்கள் சட்டக்கோவை 2002 ஜூன் 30 இல்தான் தொடங்குகிறது. கனடாவின் 2000 ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் பழைய காலத்தையும் தொடும்: நடந்த நேரத்தில் அனைத்துலகச் சட்டப்படி குற்றமாக இருந்திருந்தால் போதும். ஆனால் சந்தேகநபர் கனடாவுக்குள் கால் வைத்திருக்க வேண்டும், அல்லது சம்பவ நேரத்தில் அவரோ பாதிக்கப்பட்டவரோ கனடியப் பிரசையாக இருந்திருக்க வேண்டும்.

2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், பீபீசிக்குச் செய்தி கொடுத்துவந்த ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, 2022 பெப்ரவரியில் லண்டன் மாநகரப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு இங்கிலாந்தின் நோர்தாம்ப்டன்ஷயரில் 48 வயதான ஒருவரைக் கைதுசெய்தது. ஏன் லண்டன்? 2000 ஆம் ஆண்டு 1991 க்குப் பின். அந்தச் சட்டம் பிரித்தானியப் பிரசைகளையும் அங்கு வசிப்பவர்களையும் தொடும். கைதானவர் அங்கே இருந்தார். அதே சம்பவத்தை ஜேர்மனியின் சட்டக்கோவைக்குள் கொண்டுபோக முடியாது, 2002 க்கு முந்தியது. கைது என்பது தீர்ப்பல்ல. அவர் விசாரணை தொடரும் நிலையில் விடுவிக்கப்பட்டார். இவ்வகை வழக்கில் இன்னொரு கடினமான படியும் உண்டு. ஒரு தனிக் கொலை கொலைதான், அது தானாகவே போர்க்குற்றம் ஆகாது. ஆயுதப் பிணக்கோடு அது தொடர்புபட்டது என்றோ, பொதுமக்கள்மீதான பரந்த அல்லது திட்டமிட்ட தாக்குதலின் பகுதி என்றோ தனியாக நிறுவ வேண்டும். யார் சுட்டார் என்பதற்கு மேலதிகமாக ஏன் சுட்டார், யாருக்காகச் சுட்டார் என்பதற்கும் சான்று வேண்டும்.

2009 நிகழ்வுகள் இந்தச் சட்டங்கள் எல்லாவற்றின் திகதிக்குள்ளும் வருகின்றன. அங்கே தடை திகதி அல்ல.

சட்டம் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சித்திரவதை என்றால் அரச அலுவலர் செய்தது மட்டுமே என்று பலகாலம் வாதம் இருந்தது. 2019 இல் லைபீரியா தொடர்பான வழக்கொன்றில் பிரித்தானிய உயர் நீதிமன்றம், ஒரு நிலப்பரப்பைக் கைப்பற்றி அங்குள்ள மக்கள்மீது அரசு போல் ஆட்சி நடத்திய ஆயுத அமைப்பின் ஆட்களும் அந்தச் சட்டத்துக்குள் வரலாம் என்றது. வன்னியை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

ஆள் எங்கே?

பெரும்பாலான நாடுகளில் சந்தேகநபர் அந்த மண்ணில் இருந்தால்தான் வழக்கு நகரும். ஜேர்மனியில் சட்டம் அதைக் கேட்பதில்லை. ஆனால் ஆள் அங்கே இல்லை, வருவார் என்ற எதிர்பார்ப்பும் இல்லை என்றால் தொடராமல் விட வழக்குத் தொடுநருக்கு அனுமதி உண்டு. பிரான்ஸ் ஆள் இல்லாமலும் தீர்க்கிறது: 2024 மே மாதத்தில் பாரிஸ் நீதிமன்றம் சிரியாவின் மூன்று உயர் அதிகாரிகளை அவர்கள் இல்லாமலே குற்றவாளிகளாகக் கண்டது. பிரித்தானியாவில் அப்படி நடக்காது.

இதனால் பயண நாட்கள்தான் உயிர். 2022 ஜூலையில் ஜனாதிபதிப் பதவியை விட்டுச் சிங்கப்பூரில் தங்கியிருந்த கோட்டாபய ராஜபக்சவுக்கு எதிராக, சிங்கப்பூரின் ஜெனீவாச் சமவாயங்கள் சட்டத்தின் கீழ் அங்குள்ள சட்டமா அதிபரிடம் முறைப்பாடு கையளிக்கப்பட்டது. ஓகஸ்ட் 11 அன்று அவர் தாய்லாந்துக்குப் போனார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்திருக்கிறார். கோவை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், ஆள் விமானம் ஏறிய பிறகு அதைக் கையில் எடுக்கும் வழக்குத் தொடுநர் அரிது. முன்கூட்டியே அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஏற்றபடி தயாரித்து வைத்திருக்காத முறைப்பாடு நேரத்துக்கு உதவாது.

பதவி தரும் காப்பு

பதவியில் இருக்கும் நாட்டுத் தலைவர், பிரதமர், வெளிநாட்டமைச்சர் மூவரையும் இன்னொரு நாட்டு நீதிமன்றம் தொட முடியாது, குற்றச்சாட்டு எதுவாக இருந்தாலும். கொங்கோவின் வெளிநாட்டமைச்சருக்குப் பெல்ஜியம் பிறப்பித்த பிடியாணையை 2002 பெப்ரவரி 14 அன்று அனைத்துலக நீதிமன்றம் நீக்கச் சொன்னது. பதவி போன பிறகு நிலைமை வேறு. சிலியின் பினோசே 1998 ஒக்டோபர் 16 அன்று லண்டன் வைத்தியசாலை ஒன்றில் ஸ்பெயினின் பிடியாணையில் கைதானபோது அவர் முன்னாள் தலைவர். சித்திரவதைக்குப் பழைய பதவி காப்பாகாது என்று, அன்று பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை முடிவெடுத்தது. இறுதியில் உடல்நிலையைச் சொல்லி 2000 மார்ச்சில் அவரை ஊருக்கு அனுப்பினார்கள், அது வேறு கதை. அங்கேயும் திகதி தலைகாட்டியது: 1988 இன் கடைசிப் பகுதிக்கு முந்திய குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் உதிர்ந்துபோயின.

தூதுவர்களுக்கு 1961 வியன்னா சமவாயம் காப்பு. அது அவர் நியமனம் பெற்ற நாட்டில் மட்டும், நியமனம் இருக்கும்வரைக்கும். 2011 இல் நியூயோர்க்கில், இறுதிப் போரில் படைப்பிரிவு ஒன்றின் தளபதியாக இருந்த சவேந்திர சில்வாவுக்கு எதிராகப் போடப்பட்ட வழக்கு, அவர் ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் துணை வதிவிடப் பிரதிநிதியாக இருந்ததால் 2012 பெப்ரவரியில் தள்ளுபடியானது. அது நட்டஈடு கேட்ட குடியியல் வழக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். சிறைக்கு அனுப்பும் குற்றவியல் வழக்கு அல்ல. 2017 ஓகஸ்டில் பிரேசிலில் தூதுவராக இருந்த முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரியவுக்கு எதிராகத் தென்னமெரிக்க நாடுகள் சிலவற்றில் முறைப்பாடுகள் போனபோது அவர் நாடு திரும்பிவிட்டார். அவரும் குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

தடை, பயணத் தடை, சொத்து முடக்கம் என்று வரும் அறிவிப்புகளை இதோடு குழப்பக்கூடாது. 2025 மார்ச்சில் பிரித்தானியா இலங்கையர் நால்வர்மீது விதித்தது அரசாங்க நடவடிக்கை. அதில் நீதிபதியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஹேக்கில் உள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றமும் வேறு. இலங்கை அதில் உறுப்பினர் இல்லை.

சான்று: யாழ்ப்பாணத்திலிருந்து செய்யக்கூடியதும் கெடுக்கக்கூடியதும்

வெளிநாட்டு விசாரணையாளருக்குக் குற்றம் நடந்தது என்பதற்குச் சான்று பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காதது, இந்த ஆள்தான் கட்டளையிட்டார் என்பதற்கான சான்று. எந்தப் படைப்பிரிவு, தோளில் என்ன சின்னம், வாகன இலக்கம், யார் யாரைச் "சேர்" என்று கூப்பிட்டார்கள், வோக்கியில் என்ன பெயர் சொன்னார்கள். சாட்சி தனக்கு நேர்ந்த துயரத்தை இரண்டு மணிநேரம் சொல்லியிருப்பார். கோவையை முன்னுக்குத் தள்ளுவது இடையில் வந்த இந்த ஒற்றை வரியாக இருக்கும். இதைக் கேட்டு எழுதாமல் விட்ட சத்தியக்கடதாசிகள் ஏராளம்.

அடுத்த வில்லங்கம் பல வாக்குமூலங்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் ஒருவர் மனித உரிமைகள் ஆணைக்குழு, கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, காணாமற்போனோர் அலுவலகம், தொண்டு நிறுவனங்கள், ஊடகங்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருப்பார். மகன் வெளிநாட்டில் அகதி விண்ணப்பத்தில் அதையே வேறுவிதமாகச் சொல்லியிருப்பார். எதிரித் தரப்புச் சட்டத்தரணி இவை எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிவைத்து, ஒன்றில் காலை என்றும் ஒன்றில் மத்தியானம் என்றும் இருப்பதைக் காட்டுவார். ஆகவே புதிதாக ஒரு முழு வாக்குமூலம் எடுப்பதற்கு முன், ஏற்கெனவே எங்கெங்கே கொடுத்தார் என்ற பட்டியலைத் தயாரித்து, கிடைக்கும் பிரதிகளைச் சேருங்கள். முரண்பாடு இருந்தால் திருத்த வேண்டாம். இருப்பதாகக் குறித்து வையுங்கள்.

"நல்லூர்த் தேருக்கு அடுத்த கிழமை", "பெரிய இடப்பெயர்வுக்குக் கொஞ்சம் முதல்" என்று சாட்சி சொன்னால் அப்படியே எழுதுங்கள். உதவி செய்வதாக நினைத்துக் கலண்டரைப் பார்த்துத் திகதி போட்டு, அது ஒருநாள் பிசகினால் முழு வாக்குமூலமும் ஆட்டம் காணும். தேர் எந்த நாள் என்பதை விசாரணையாளர் தேடிக்கொள்வார். சந்தேகநபரின் படத்தைச் சாட்சிக்குக் காட்டி "இவர்தானே?" என்று கேட்பது அதைவிட மோசம். அதன் பிறகு அவர் அடையாளம் காட்டுவது அன்று கண்ட முகத்தையா, நீங்கள் காட்டிய படத்தையா என்று நீதிமன்றம் கேட்கும், பதில் இராது.

படமும் வீடியோவும் எடுத்த தொலைபேசியிலோ மெமரி அட்டையிலோ உள்ள மூலக் கோப்பு இருந்தால் அதைத் தொடாமல் வையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த நேரம், இடம் போன்ற உட்தகவல்கள் கழன்றுபோகும். பெயர் மாற்றுவது, ஓரத்தை வெட்டுவது, எழுத்துப் போடுவது எல்லாம் பிரதியில் மட்டும். யார் எடுத்தார், யாரிடமிருந்து யாருக்கு எப்போது கைமாறியது என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் விடயத்தைச் சின்னதாக எண்ண வேண்டாம். நேபாள இராணுவக் கேணல் குமார் லாமா 2013 ஜனவரியில் இங்கிலாந்தில் சித்திரவதைக் குற்றச்சாட்டில் கைதானார். 2015 இல் தொடங்கிய விசாரணை மொழிபெயர்ப்புச் சிக்கலால் இடையில் நின்றது. 2016 இல் மீண்டும் நடந்து, ஒரு குற்றச்சாட்டில் அவர் விடுதலையானார். மற்றதில் யூரி உடன்பாட்டுக்கு வரவில்லை. ஈழத்துப் பேச்சு தெரிந்த மொழிபெயர்ப்பாளரை வாக்குமூலம் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாதி வழியில் நிறுத்தி மாற்றுவது எல்லோருக்கும் கரைச்சல்.

எங்கே கொடுப்பது? ஒவ்வொரு நாட்டிலும் இதற்கென்று பிரிவு இருக்கிறது: லண்டன் மாநகரப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு, ஜேர்மனியில் கார்ல்ஸ்ரூவில் உள்ள கூட்டாட்சி வழக்குத் தொடுநர் அலுவலகம், சுவிஸில் பேர்ணில் உள்ள சட்டமா அதிபர் அலுவலகம். பிரித்தானியாவில் இத்தகைய வழக்கைத் தொடரச் சட்டமா அதிபரின் சம்மதம் வேண்டும். தனியார் ஒருவர் நீதவானிடம் பிடியாணை கேட்பதற்கும் 2011 முதல் பொது வழக்குத் தொடுப்புப் பணிப்பாளரின் சம்மதம் தேவை. எந்த நாடு என்று தெரியாதபோது, 2021 இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம் உருவாக்கிய இலங்கைப் பொறுப்புக்கூறல் செயற்றிட்டம் ஜெனீவாவில் சான்றுகளைச் சேர்க்கிறது. அது வழக்குப் போடாது. வழக்குப் போடும் நாடு கேட்டால், கொடுத்தவரின் சம்மதத்தோடு பகிரும். சம்மதப் படிவத்தில் எந்தக் கட்டத்துக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதை வாசித்த பிறகே கையெழுத்து வையுங்கள். சேமிப்பதற்கு மட்டும் என்பதும் நாடுகளுடன் பகிரலாம் என்பதும் ஒன்றல்ல.

கொடுத்த பிறகு வருடக்கணக்கில் ஒரு கடிதமும் வராமல் இருக்கலாம். ஜேர்மனியின் கொப்ளென்ஸில் சிரிய அதிகாரி அன்வர் ரஸ்லானின் விசாரணை மட்டும் 2020 ஏப்ரலிலிருந்து 2022 ஜனவரி 13 வரை போனது. அதற்கு முந்திய சான்று சேகரிப்பு தனி. அந்த இடைவெளியில் சாட்சி வீடு மாறுவார், தொலைபேசி இலக்கம் மாறும், பிள்ளைகளிடம் வெளிநாடு போவார். விசாரணையாளர் தேடும்போது ஆள் கிடைக்காமல் போவதற்கு இதுதான் வழக்கமான காரணம். கையளித்த நாளே கோவை இலக்கத்தைக் கேட்டு வாங்கி, குடும்பத்தில் இன்னொருவரின் தொடர்பையும் சேர்த்துக் கொடுத்து, முகவரி மாறும் ஒவ்வொரு தடவையும் அந்த இலக்கத்தைப் போட்டு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.